மஞ்சள் டயரும் தேங்காய் எண்ணெயும்

ஒரு சைக்கிள் டயருக்கு நிறம் பார்த்து வாங்க மூன்று சனிக்கிழமை ஆகும் என்று பத்து வயதில் நான் நம்பினேன். நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. மூன்று சனிக்கிழமையும் அத்தையோடு கூடப் போனவள் நான்தான்.

அப்போது நாங்கள் கலிபோர்னியாவில், சான் ரமோனில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நான்கு பேர். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த சமயத்தில், அதைச் சரிசெய்வதற்காக ஊரிலிருந்து வந்தவர்களில் அத்தையும் ஒருத்தி. இரண்டாயிரம் வந்தது, ஒன்றும் ஆகவில்லை. அத்தையும் திரும்பிப் போகவில்லை. மாடியில் என் அறைக்கு அடுத்த அறையில் இருந்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது. ஊருக்குப் போன் பேசும்போது இந்த எண்ணை மட்டும் அம்மா குரலைத் தாழ்த்திச் சொல்வாள், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வதுபோல.

முதல் போனஸில் அத்தை கார் வாங்குவாள் என்று அப்பா நினைத்திருந்தார். அவள் ரோடு பைக் என்று சொல்லும் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். வளைந்த ஹாண்டில்பாரும், இரண்டு விரல் கனம்கூட இல்லாத சக்கரமுமாக அது நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கும். கருநீல நிறம். குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு இழுத்திருந்தார்கள். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. அப்பா குனிந்து அந்தச் சேர்மானங்களைத் தடவிப் பார்த்து, "வேலை சுத்தமா இருக்குது" என்று மட்டும் சொன்னார். அது சம்மதமா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை தோறும் அதை எடுத்துக்கொண்டு டயப்ளோ மலைக்குப் போவாள். எங்கள் தெருமுனையில் நின்றாலே அந்த மலை தெரியும். உச்சிவரை வளைந்து வளைந்து தார் ரோடு. ஏற இரண்டு மணி நேரம், இறங்க அரை மணி. ஒருநாள் அத்தை என்னிடம் சொன்னாள்: "ஏறும்போது காலை நம்பணும் கண்ணு, இறங்கும்போது பிரேக்கை நம்பணும். வேற ஒண்ணும் இல்ல."

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பள்ளியில் பூகம்பப் பயிற்சி நடந்தால், மணி அடித்து எல்லோரும் வெளியே வந்த பிறகும் மேஜைக்கு அடியிலேயே இருப்பேன். டீச்சர் வந்து காலைப் பிடித்து இழுக்க வேண்டும். அதனால் அத்தை சொன்னதில் பிரேக் என்பது மட்டும் என் மண்டையில் தங்கிவிட்டது.

செப்டம்பரில் பழைய டயர் இரண்டும் ஓரத்தில் வெடிப்புவிடத் தொடங்கின. புது டயர் வாங்குவதுதான் வாங்குகிறோம், கலர் டயராக வாங்கலாம் என்று அத்தைக்கு ஆசை. அப்பா எங்கள் இரண்டு பேரையும் சைக்கிளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கடை வாசலில் இறக்கினார். கதவில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "பத்து மணிக்குத்தான் தொறப்பாங்களாம். பக்கத்துல டோனட் சாப்பிட்டுட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். அமெரிக்கர். நீளமான முடியை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டியிருந்தார். நகக்கண்ணில் எல்லாம் கிரீஸ். கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியிருந்தார். கடை முழுக்க ரப்பர் வாசனையும், கிரீஸைக் கழுவ அவர் வைத்திருந்த ஏதோ ஒரு திரவத்தின் ஆரஞ்சுப்பழ வாசனையும் கலந்து அடிக்கும். சுவரில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், ஊதா என்று டயர்கள் தொங்கின. எங்கள் ஊர் வளையல் கடை மாதிரி இருந்தது.

டயருக்கு நிறம் பார்ப்பது ஒரு பெரிய வேலை என்று அவர்தான் காட்டினார். சைக்கிளைக் கடைக்குள் வைத்துப் பார்க்கக்கூடாதாம். வெளியே வெயிலில் நிறுத்தி, கார் நிறுத்தும் இடத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்று பார்க்க வேண்டுமாம். முதல் சனிக்கிழமை சிவப்பை மாட்டிப் பார்த்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அத்தை அவரோடு அந்தக் கோடிக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, "டயர் மட்டும்தான் தெரியுது, சைக்கிளையே காணோம்" என்றாள். இரண்டாவது சனிக்கிழமை நீலம். நீலத்தின் பக்கத்தில் இன்னொரு நீலம் வைத்தால் இரண்டும் சண்டை போடும் என்று அவர் சொன்னார். அதற்கும் அந்தக் கோடிக்குப் போய் நின்றார்கள். நான் கடை வாசலில் உட்கார்ந்து டோனட் தின்றேன்.

"பட்டுப்புடவைக்கே ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டு வந்தர்றோம். டயருக்கு மூணு வாரமா?" என்று அம்மா கேட்டாள். "கலர் பாக்கறது கஷ்டம் அண்ணி" என்றாள் அத்தை. "ரொம்ப கஷ்டம்மா" என்று நானும் சொன்னேன்.

மூன்றாவது சனிக்கிழமை எனக்குப் போர் அடித்துவிட்டது. சைக்கிளில் இருந்த மஞ்சள் கோட்டைக் காட்டி, "இந்தக் கலர்லயே வாங்கிடலாமே" என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சைக்கிளில் பெரிதாக இருக்கிற நிறத்தோடு டயரைப் பொருத்தக்கூடாது, இருப்பதிலேயே சின்ன நிறத்தோடு பொருத்த வேண்டும், இந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள் என்றார். இனி வேறு எதையும் மஞ்சளாக்காதீர்கள், கைப்பிடியில் சுற்றிய டேப் கறுப்பாகவே இருக்கட்டும் என்றும் சொன்னார். மஞ்சளை மாட்டி வெயிலில் நிறுத்தியதும் எனக்கே கர்வமாக இருந்தது. அந்தக் கருநீலச் சைக்கிள் அதற்காகவே காத்திருந்தது மாதிரி இருந்தது. கிளம்பும்போது இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். மஞ்சள் சீக்கிரம் அழுக்காகும். கலர் ரப்பருக்குக் கறுப்பு ரப்பர் அளவுக்குப் பிடிமானம் இருக்காது, ஈரத்தில் வழுக்கும். அத்தை எதைக் காதில் வாங்கினாளோ தெரியாது. நான் 'வழுக்கும்' என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

அவர் சொன்ன மாதிரியே இரண்டு வாரத்தில் டயர் தேய்த்துக் குளிக்காத பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. நான் தேர்ந்தெடுத்த நிறம் என்பதால் எனக்கு மானப் பிரச்சினை.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. பட்டறைக் குடும்பத்துக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிசு. ஊரில் அன்றைக்கு ஒவ்வொரு மெஷினையும் எண்ணெய்த் துணியால் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். அமெரிக்காவில் அப்பாவிடம் இருந்த ஆயுதங்கள் ஒரு டூல் பாக்ஸ், புல் வெட்டும் மெஷின், கம்ப்யூட்டர், வேன். அம்மா தன் பங்குக்கு டிஷ்வாஷருக்கும் வாக்குவம் க்ளீனருக்கும் சந்தனம் வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, என் கையில் எண்ணெய்த் துணியைக் கொடுத்தார்.

"ஸ்பேனரு, சுத்தியலு மட்டும் தொடை கண்ணு. சைக்கிள்கிட்டப் போகாத. அதை உங்க அத்தை பாத்துக்குவா."

சொல்லிவிட்டு அவர் வேனைக் கழுவ வெளியே போனார். நான் ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக வைத்தேன். சுத்தியலைத் துடைத்தேன். நிமிர்ந்தால் கராஜ் சுவரோரம் மஞ்சள் டயர், பழுப்பு நிறத்தில். ஆயுத பூஜை அன்று ஓர் ஆயுதம் இப்படி அழுக்காக நிற்கலாமா? அப்பா கொடுத்த துணி கறுப்பாக இருந்தது, மஞ்சளில் பட்டால் கறை. தலைமுடியைப் பளபளக்க வைப்பது டயரையும் பளபளக்க வைக்கும் என்று எனக்குத் தோன்றியது. பாத்ரூமிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தேன். புதுத் துணியில் தாராளமாக ஊற்றி டயரைத் துடைத்தேன். நிஜமாகவே பளபளத்தது. டயருக்குச் செய்துவிட்டு, டயர் மாட்டியிருக்கும் வெள்ளிநிற வளையத்தை விட்டால் நன்றாக இருக்காது என்று இரண்டு பக்கமும் அதையும் துடைத்தேன். ஓரவஞ்சனை கூடாது என்று என் சின்னச் சைக்கிளுக்கும் அதே மரியாதை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது குரங்கு என்று அப்போது தெரியாது.

அம்மா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அத்தை வந்து பார்த்து, "அட, புதுசு மாதிரி இருக்குதே! யாரு தொடைச்சா?" என்றாள். "நான்தான்" என்றேன். என் கன்னத்தைக் கிள்ளினாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் சைக்கிள் அப்படியே இரவெல்லாம் சந்தனப் பொட்டோடு நின்றது.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எல்லாம் எடுத்துக் கொஞ்சமாவது உபயோகிக்க வேண்டிய நாள். அன்று எதைத் தொடங்கினாலும் வருஷம் முழுக்க அது கூடவரும் என்பது அம்மாவின் சட்டம். அன்று அழுதால் வருஷம் முழுக்க அழவேண்டும், பொய் சொன்னால் வருஷம் முழுக்கப் பொய்தான். காலை ஏழு மணிக்கு அத்தை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எலுமிச்சம்பழத்தின் மேல் சைக்கிளை உருட்டினாள். அம்மா கராஜ் வாசலில் நின்று, "நாளைக்கு டல்லாஸ்காரங்க வர்றாங்க. வெயில்ல அலைஞ்சு கருத்துப் போயிராத" என்றாள். டல்லாஸ்காரர்கள் என்றால் அத்தையைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார். அத்தை ஹெல்மெட் பட்டையை இறுக்கினாள். "மலை ஏறி எறங்கிட்டு வந்தர்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு, எங்கள் தெருமுனையில் திரும்பிப் போனாள்.

நான் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தில் இரண்டு பக்கமும் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கமும் படித்தேன். ஒன்பது மணிக்கு என் ஆயுதத்தையும் உபயோகிக்கலாம் என்று சைக்கிளை எடுத்தேன். எங்கள் வீட்டு வாசல் தெருவை நோக்கிச் சரிவாக இறங்கும். பாதிச் சரிவில் வழக்கம்போல் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். பிரேக் கட்டை அந்த வெள்ளிநிற வளையத்தைத் தொட்டது தெரிந்தது, ஆனால் வெண்ணெயைப் பிடித்த மாதிரி வழுக்கிக்கொண்டே போனது. தெருவைக் கடந்து எதிர்வீட்டுத் தபால் பெட்டியில் மோதி விழுந்தேன். நல்லவேளை, கார் எதுவும் வரவில்லை.

முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அழவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சக்கரத்தைத் தொட்ட கையை மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெய் வாசனை.

இறங்கும்போது பிரேக்கை நம்பணும் கண்ணு.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கராஜில் போட்டுவிட்டு, கூடத்தில் கடிகாரத்துக்கு நேரே உட்கார்ந்தேன். ஒன்பது ஐந்து. ஏழு மணிக்குக் கிளம்பினால் மலையடிவாரம் போக அரை மணி. ஏறுவதற்கு இரண்டு மணி. ஒன்பதரைக்கு உச்சி. அதுவரை ஏற்றம், பிரேக் வேண்டாம். அதுவரை அத்தை உயிரோடு இருப்பாள். இப்போது சொன்னால் அப்பா வேனில் போய்விடலாம். எழுந்து அடுக்களை வாசல்வரை போனேன். அம்மா டல்லாஸ்காரர்களுக்காகப் போளிக்குப் பூரணம் கிளறிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சைக்கிள்கிட்டப் போகாத என்று சொன்ன அப்பா. தேங்காயைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்பது இருபது. சொல்லாவிட்டால் கொலைகாரி, சொன்னால் அடி. அடியே பரவாயில்லை என்று புத்தி சொன்னது, கால் நகரவில்லை. ஒன்பதரை. இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். ஒன்பது முப்பத்தைந்து. ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டிருப்பாள். ஒன்பது நாற்பதுக்கு நான் எழுந்து ஓடினேன். விஜயதசமி அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் வருஷம் முழுக்க இப்படியே மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற பயம், அடிக்குப் பயப்படுவதைவிடப் பெரிதாகிவிட்டது.

"அப்பா, அத்தை சாகப்போறா" என்றேன்.

என்ன சொன்னேன், எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அப்பா கராஜுக்குப் போய் என் சைக்கிள் சக்கரத்தில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. என்னை அடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நீ போன்கிட்டயே இரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேனை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். இறங்கு என்று அவர் சொல்லவில்லை.

மலை வாசலில் பூங்காக் காவலர் ஒருவர் இருந்தார். கருநீலச் சைக்கிளில், மஞ்சள் டயரோடு, ஓர் இந்தியப் பெண் போனாளா என்று அப்பா கேட்டார். காலையிலிருந்து ஐம்பது சைக்கிளாவது போயிருக்கும், மஞ்சள் டயர் பார்த்த நினைவு இல்லை என்றார் அவர். விபத்து ஏதாவது? இதுவரை இல்லை. 'இதுவரை' என்ற சொல்லை அப்பா வாய்க்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்தார்.

அந்த ரோட்டில் வேன் ஊர்ந்தது. அப்பா வலதுபக்கம் பார்க்க, நான் இடதுபக்கம் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. பல இடங்களில் ரோட்டோரத்தில் தடுப்பே இல்லை. வெள்ளைக் கோடு, அதற்கப்புறம் பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் எதிரே சைக்கிள்காரர்கள் சர்ரென்று இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவரையும் அத்தை என்று நினைத்து, இல்லை என்று தெரிந்ததும் அடுத்த வளைவைப் பார்த்தேன். அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் வேனை நிறுத்தி, இறங்கிப் போய், விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு வருவார். அவர் கண்ணில் எதுவும் பட்டுவிடக் கூடாதே என்று நான் கண்ணை மூடிக்கொள்வேன். செல்போனில் சிக்னல் போய்விட்டது.

பக்கவாட்டுச் சரிவுகளில் நான் மஞ்சளைத் தேடினேன். அக்டோபர் மாதம் கலிபோர்னியா மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மலை பூராவும் காய்ந்த மஞ்சள் புல். வாசலிலிருந்து உச்சிவரை மஞ்சளைத் தவிர வேறு நிறம் இல்லை. அந்தப் புல்லுக்குள் இரண்டு மஞ்சள் டயர் கிடந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? சிவப்பை வாங்கியிருக்கலாம். முதல் சனிக்கிழமையே சிவப்போடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்திருக்கும். கெடுத்ததும் நான், தேடினாலும் கிடைக்காத நிறத்தை வாங்க வைத்ததும் நான். எனக்குத் தெரிந்த சாமி எல்லோரையும் கூப்பிட்டேன். இனிமேல் எதையும் துடைக்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

உச்சியில் பத்துப் பதினைந்து பேர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். அத்தை இல்லை. அப்பா ஒவ்வொருவரிடமும் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. வேனுக்குத் திரும்பி வந்து ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். "ஊருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். அப்பா அழுவார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுத் தெருவில் திரும்பியபோது, கராஜ் வாசலில் கருநீலச் சைக்கிள் சாய்ந்து நின்றது.

நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அத்தை முழுசாக, ஒரு சிராய்ப்புகூட இல்லாமல், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கட்டிக்கொண்டேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார். அம்மா மட்டும் எங்கள் சந்தோஷத்தில் சேராமல் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"மலைக்கா போன?" என்றார் அப்பா.

"ஆமாண்ணா."

"உச்சி வரைக்கும் பாத்துட்டு வர்றோம். ஒரு எடத்துலயும் உன்னையக் காணோம்."

"நான் அந்தப் பக்க ரோட்டுல எறங்கிட்டேன். அதான் பாக்காம விட்டிருப்பீங்க."

மலையிலிருந்து இறங்க இன்னொரு ரோடும் உண்டு. அப்பா தலையை ஆட்டினார். நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். நம்பத்தான் ஆசைப்பட்டார். அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை.

சைக்கிளுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றி, கராஜுக்கு ஓடினேன். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. டயர் வாங்கிய அன்று இருந்த மஞ்சள். மூக்கை வைத்துப் பார்த்தேன். பயம் எல்லாம் தீர்ந்துபோன சந்தோஷத்தில் உள்ளே ஓடிவந்து கத்தினேன்.

"அப்பா! எண்ணெயே இல்ல! டயர் கடை ஸ்மெல் அடிக்குது, அந்த ஆரஞ்சு ஸ்மெல்! பிரேக் கட்டைகூட புதுசு!"

அப்பா எழுந்துபோய்ச் சக்கரத்தில் விரலை வைத்தார். முகர்ந்தார். பிரேக் கட்டையைக் குனிந்து பார்த்தார். எந்த இரும்பை யார் எப்போது தொட்டார்கள் என்று கண்டுபிடிக்கிற பட்டறையில் வளர்ந்தவர் அவர். திரும்பி வந்து நிதானமாகக் கேட்டார்.

"கட்டை யாரு மாத்துனா?"

"கடைலண்ணா. பிரேக் பிடிக்கலைன்னு அங்க போனேன்."

"எத்தனை மணிக்கு?"

அத்தை அம்மாவைப் பார்த்தாள்.

"நீ வீட்ல இருந்து கெளம்புனது ஏழு மணி. மொத ஸ்டாப் சைன்லயே பிரேக் பிடிச்சிருக்காது. கடை பத்து மணிக்குத்தான் தொறக்கும்னு கதவுல நானே படிச்சேன். ஏழுல இருந்து ஒரு மணி வரைக்கும் எங்க இருந்த?"

"அவரு கடைக்குப் பின்னாடிதாண்ணா குடியிருக்காரு" என்றாள் அத்தை.

அம்மா அடுப்பை அணைத்தாள். என் கையில் ஒரு கிண்ணம் பூரணத்தைக் கொடுத்து, மாடிக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னாள். சாப்பாட்டுக்கு முன்னால் இனிப்புக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மாடிப்படியில் உட்கார்ந்து தின்றேன். கீழே அப்பாவின் குரல் உயர்ந்தது. அத்தையின் குரல் உயரவில்லை. "தப்பு ஒண்ணும் பண்ணலண்ணா, பேசிட்டு இருந்தோம்" என்று அவள் சொன்னது மட்டும் கேட்டது. பேசிக்கொண்டிருந்ததற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்து, எண்ணெய் தடவியதற்கு வரவேண்டிய கோபம்தான் வழிமாறி அத்தை மேல் போகிறது என்று முடிவு செய்தேன். இறங்கிப்போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். பயமாக இருந்தது. போகவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா டல்லாஸுக்குப் போன் போட்டு, தங்கைக்கு நல்ல காய்ச்சல், நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னார். விஜயதசமி அன்று அப்பா பொய் சொல்கிறாரே, வருஷம் முழுக்க என்ன ஆகுமோ என்று வேறு எனக்குக் கவலை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் நாற்பது போளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

அதற்கப்புறம் வீட்டில் டிஷ்வாஷர் சத்தம்தான் பெரிய சத்தம். இரண்டு வாரம் கழித்து அத்தை தனியாக ஓர் அபார்ட்மென்ட் பார்த்துக்கொண்டு போனாள். அவள் போவதற்குக் காரணம் என் எண்ணெய்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா சொன்ன பேச்சைக் கேட்காமல் ஒரு துணியால் துடைத்ததில் ஒரு குடும்பமே உடைந்துவிட்டது. இனி எதைத் தொட்டாலும் உடையுமோ என்ற பயத்தில் ஸ்கூலில் கத்தரிக்கோலைக்கூட எடுக்காமல் இருந்தேன்.

அத்தை அந்தக் கடைக்காரரைத்தான் அடுத்த வருஷம் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அம்மாவும் நானும் போனோம். அப்பா வரவில்லை, ஆறு வருஷம் பேசவும் இல்லை. பிறகு ஒருநாள் தானாகவே அந்தக் கடைக்குப் போய், லேத் ஒன்று பழுதாகிக் கிடப்பதைப் பார்த்து, சட்டையை மடித்துக்கொண்டு அதைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். அதெல்லாம் பின்னால்.

அத்தை வீட்டைவிட்டுப் போன அன்று சைக்கிளை வாடகைக் கார் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு வாரமாகத் தொண்டையில் இருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"நான் எண்ணெய் தடவுனதாலதான் போறீங்களா அத்தை?"

அவள் மாட்டிக்கொண்டிருந்த பட்டையை விட்டுவிட்டு என் முன்னால் மண்டியிட்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"நீ மட்டும் எண்ணெய் தடவலைன்னா, நான் பாட்டுக்கு அன்னைக்கு மலை ஏறி எறங்கி வந்திருப்பேன் கண்ணு. ஞாயித்துக்கிழமை புடவை கட்டிக்கிட்டு, டல்லாஸ்காரங்க முன்னாடி காபித் தட்டோட நின்னிருப்பேன்."

நான் பயந்தது உண்மையாகிவிட்டது. என்னால் கெட்டவை எவை என்று அத்தையே எண்ணிச் சொல்லிவிட்டாள். மலை ஏறமுடியாமல் போனதற்கு ஒன்று, புடவை கட்டமுடியாமல் போனதற்கு ஒன்று என்று, அழுதுகொண்டே, இரண்டு தடவை சாரி சொன்னேன்.